முதல் பந்தை வாங்கும் முன் கட்டைவிரலைக் கவனியுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பந்தை உருட்டிப் பத்துப் பின்களை (நிற்க வைத்த கட்டைகளை) வீழ்த்தும் ஆட்டமான டென்பின் பௌலிங்கைப் புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்காக உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, ஆட்டத்தின் விதிகளையும் மதிப்பெண் கணக்கையும் தெளிவாகச் சொல்லியிருந்தது. பந்து வாங்குவது பற்றி அதில் இருந்த மூன்று யோசனைகள்தான் எங்களை எழுத வைத்தன. கனமான பந்தே நல்லது. கட்டைவிரல் துளை இறுக்கமாக இருக்க வேண்டும். சாம்பியன்கள் வைத்திருக்கும் மாடலையே முதலில் வாங்கிவிடலாம். மூன்றையும் நம்பி ஒருவர் கடைக்குப் போனால் காசும் வீண், மணிக்கட்டும் வீண். பந்துக்குத் துளையிடும் வேலையிலும் பயிற்சி கொடுக்கும் வேலையிலும் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

துளையிலிருந்தே தொடங்குகிறோம், கெடுதல் அங்கேதான் அதிகம். பந்தை வீசும்போது முதலில் வெளியே வர வேண்டியது கட்டைவிரல். அது வந்த பிறகு ஒரு கண நேரம் பந்தின் முழு எடையும் நடுவிரலிலும் மோதிர விரலிலும் தங்குகிறது. பந்துக்குச் சுழற்சி கிடைப்பது அந்தக் கண நேரத்தில். துளை இறுக்கமாக இருந்தால் கட்டைவிரல் தாமதமாக வரும். பந்து கையோடு ஒட்டிக்கொண்டு மேலெழும்பி, வீசுபவர் மிதிக்கக் கூடாத எல்லையான ஃபவுல் கோட்டுக்கு அப்பால் சில அடி தள்ளித் தொப்பென்று விழும். வலக்கைக்காரர் என்றால் பந்து இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கட்டைவிரலின் அடிப்பகுதியில் தோல் உரியும். இதை "கை சரியாகத் திரும்பவில்லை" என்று நினைத்து மாதக்கணக்கில் கையைத் திருத்துகிறவர்கள் உண்டு. திருத்த வேண்டியது துளையை.

தளர்வான துளையும் அதே அளவு கெடுதல்தான். பந்து நழுவிவிடுமோ என்ற பயத்தில் கட்டைவிரலின் கணுவை மடக்கி உள்சுவரில் அழுத்திப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் முன்கைத் தசை முழுக்க இறுகும், கை ஊசல்போல் ஆடாது, வீச்சு குறுகும். கட்டைவிரலின் முதுகுப்பக்கம், கணுவுக்கு மேல் தோல் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். தடித்திருந்தால் அது மடக்கிப் பிடிப்பதன் அடையாளம். துளை பெரிதாக இருக்கும், இல்லையென்றால் அதன் சாய்வு தவறாக இருக்கும். சரியாகப் பொருந்திய பந்தைப் பிடிக்கவே வேண்டியதில்லை; தண்ணீர் நிறைந்த வாளியைத் தூக்கிப் போகும்போது தோள் எப்படித் தளர்ந்து தொங்குமோ, அப்படித் தொங்கினால் போதும்.

அரங்கில் பொதுவாக வைத்திருக்கும் பந்துகளில் இந்தப் பொருத்தம் கிடைப்பது அரிது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கட்டுரை தொடவே இல்லை. அரங்குப் பந்துகளில் எடை கூடக் கூடத் துளையின் அளவும் கூடும். 8 பவுண்டுப் பந்து குழந்தைக் கைக்கு, 15 பவுண்டுப் பந்து பெரிய கைக்கு என்ற கணக்கில் துளையிட்டு வைத்திருப்பார்கள். தடித்த விரல் உள்ள, ஆனால் தோள்பலம் அதிகம் இல்லாத ஒருவர் 10 பவுண்டை எடுத்தால் விரல் நுழையாது. வேறு வழியின்றி 14க்குப் போவார். மெலிந்த விரலும் நல்ல பலமும் உள்ளவருக்கு நேர் எதிர்ச் சிக்கல். இருவருமே எடையைத் தேர்ந்தெடுக்கவில்லை, துளையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நிறத்தை வைத்து எடையைச் சொல்வதும் ஆகாது, அரங்குக்கு அரங்கு நிறம் மாறும். பந்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்ப்பதே வழி.

சொந்தப் பந்து வாங்கும் வரை அரங்குப் பந்தை இப்படிச் சோதித்துக்கொள்ளலாம். கட்டைவிரலை அடிவரை உள்ளே விடுங்கள். மற்ற இரண்டு விரல்களையும் துளைகளுக்குள் போடாமல், அவற்றின் மேல் தளர்வாக நீட்டி வையுங்கள். விரலின் நடுக்கணுவில் உள்ள கோடு, துளையின் உள்விளிம்பைக் கால் அங்குலம் அளவுக்குத் தாண்டி விழ வேண்டும். கோடு விளிம்பையே எட்டவில்லை என்றால் இடைவெளி நீளம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு இழுபடும், வெளியேறும்போது கட்டைவிரல் சிக்கும். கோடு வெகுவாகத் தாண்டிப் போய்விட்டால் இடைவெளி குறைவு. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் குழிவு விழும், பந்தைக் கவ்விப் பிடிக்கத் தோன்றும். பிறகு கட்டைவிரலை உள்ளேயே வைத்து இப்படியும் அப்படியும் சுழற்றிப் பாருங்கள். தோல் சுற்றிலும் லேசாக உரச வேண்டும், கவ்வக் கூடாது. எடை சற்று முன்பின் இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறிய பந்தையே எடுங்கள்.

அரங்குப் பந்தின் பிடியில் நடுவிரலும் மோதிர விரலும் நுனியிலிருந்து இரண்டாவது கணு வரை உள்ளே போகும். சொந்தப் பந்தில் பெரும்பாலும் விரல்நுனிப் பிடி போடுவார்கள். முதல் கணு வரைதான் விரல் போகும், துளைகளுக்குள் ரப்பர் போன்ற இன்சர்ட் பொருத்தியிருக்கும். விரல்கள் கட்டைவிரலிலிருந்து இன்னும் விலகியிருப்பதால், கட்டைவிரல் வெளியே வந்த பிறகு பந்தைத் தூக்கிச் சுழற்ற நல்ல நெம்பு கிடைக்கிறது. வாரம் ஒருமுறையாவது ஆட உத்தேசம் இருப்பவர் முதல் பந்திலேயே விரல்நுனிப் பிடிக்குப் போய்விடலாம் என்பது எங்கள் கருத்து. பழகிய பிறகு மாறினால், வீச்சின் நேரத்தை மறுபடி கற்க வேண்டியிருக்கும். விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்கும், எப்போதாவது குடும்பத்தோடு போய் ஆடுகிறவர்களுக்கும் அரங்குப் பந்தின் பிடியே போதும்.

துளையிடுபவர் அளக்கும் விஷயங்களில் வாங்குபவர் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஸ்பான் என்பது கட்டைவிரல் துளையின் விளிம்புக்கும் விரல் துளையின் விளிம்புக்கும் உள்ள தூரம்; நடுவிரலுக்கு ஓர் அளவு, மோதிர விரலுக்கு வேறோர் அளவு. பிட்ச் என்பது துளை பந்தின் மையத்தை நோக்கிப் போகாமல் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்து போகிறது என்பது. உள்ளங்கைப் பக்கம் சாய்ந்தால் பந்து கையில் தங்கும்; எதிர்ப்பக்கம் சாய்ந்தால் சீக்கிரம் விடுபடும். ஸ்பான் நீளமாக ஆக, கட்டைவிரலுக்கு எதிர்ப்பக்கச் சாய்வு கூடுதலாகத் தேவைப்படும். எட்டில் ஒரு பங்கு அங்குல மாற்றமே கைக்குத் தெரியும். ஆகவே நண்பரின் அளவை எழுதிக்கொண்டு போய் "இதே மாதிரி போடுங்கள்" என்று கேட்காதீர்கள். உங்கள் கட்டைவிரலை வளைத்துப் பார்க்காமலே, அளவுப் பந்தில் கையை வைத்துப் பார்க்காமலே துளையிட ஒருவர் முன்வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அளவு கொடுக்கப் போகும் நேரமும் முக்கியம். கட்டைவிரல் நாள் முழுக்க ஒரே பருமனில் இருப்பதில்லை. குளிரில் சுருங்கும், இரண்டு ஆட்டம் ஆடினால் வீங்கும். வீட்டிலிருந்து நேராகப் போய் அளவு கொடுத்தால் இரண்டாவது ஆட்டத்தில் துளை கவ்வும். முதலில் ஓரிரு ஆட்டம் ஆடிவிட்டு, கை சூடான பிறகு அளவு கொடுங்கள். துளையை இம்மியளவு பெரிதாகவே போடச் சொல்லி, மிச்சத்தை டேப்பால் நிரப்பிக்கொள்வதுதான் நடைமுறை.

அந்த டேப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு முனை வளைவாக வெட்டிய சிறு பட்டைகளாக வரும். அரை, முக்கால், ஒரு அங்குல அகலங்களில் கிடைக்கும். பெரும்பாலான கைகளுக்கு முக்கால் அங்குலம் பொருந்தும். சொரசொரப்பானதைக் கட்டைவிரலின் சதைப்பக்கம் படும் இடத்தில் ஒட்டினால் பிடிமானம் கிடைக்கும். வழவழப்பானதை நகப்பக்கம் ஒட்டினால் துளை சிறுக்கும், விரலும் சுலபமாக வழுக்கி வரும். ஒட்டும் முன் துளையின் உட்புறத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், இல்லையென்றால் வியர்வைப் பிசுக்கில் டேப் நாலு வீச்சில் சுருண்டுவிடும். வாய்விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளி ஒட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டும்போது அடுத்ததைச் சிறிது கீழே இறக்கி ஒட்டினால் விளிம்பு பிரியாது. தொடக்கத்தில் இரண்டு மூன்று ஒட்டிவைத்து, விரல் வீங்க வீங்க ஒவ்வொன்றாக உரித்தெடுப்பது வழக்கம். இந்த டேப்புக்கும் அதை உரிக்க ஒரு சிறு இடுக்கிக்கும் பையில் இடம் ஒதுக்காதவர் வேறு எந்த உபகரணத்தைப் பற்றியும் கவலைப்பட வேண்டாம்.

புதிய பந்தைக் கையில் வாங்கியதும் துளைகளின் வாயை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பைக் கூராக விடாமல் உருட்டிச் சீவியிருக்க வேண்டும். கட்டைவிரல் துளையில், விரல் கடைசியாக உரசி வெளியேறும் பக்கம் சீவல் நன்றாக இல்லாவிட்டால் தோல் அறுபடும். இது சாணைத்தாள் வைத்து ஒரு சில நிமிடங்களில் முடியும் வேலை. முதல் நாள் இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆடாமல், எங்கே உரசுகிறது, எங்கே சிவக்கிறது என்று பார்த்து அதே ஆளிடம் திரும்பப் போங்கள். ஒருமுறை துளையிட்டதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கும் கடை நல்ல கடை அல்ல.

இனி எடை. விதிப்படி பந்தின் உச்ச எடை 16 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 7.26 கிலோ. குறைந்தபட்சம் என்று ஒன்று இல்லை. கனமான பந்தே நல்லது என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பின் ஒன்றின் எடை 3 பவுண்டு 6 அவுன்ஸிலிருந்து 3 பவுண்டு 10 அவுன்ஸ் வரை. பின்களுக்கு முன்வரிசையிலிருந்து தொடங்கி, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண் உண்டு. முதல் வீச்சிலேயே பத்தும் விழுவது ஸ்ட்ரைக்; வலக்கைக்காரரின் சரியான ஸ்ட்ரைக்கில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கு பின்களை மட்டுமே. மீதி ஆறும் ஒன்றையொன்று தட்டி விழுகின்றன. இலேசான பந்து 1, 3 ஆகியவற்றில் பட்டதும் வலப்பக்கம் விலகிப்போய் 5ஐத் தொடாமல் விட்டுவிடும். 1, 3 பின்களுக்கு நடுவில் உள்ள பாக்கெட்டில் சரியாக விழுந்தும் 5 தனியாகவோ, 5உம் 7உம் விலகி நிற்கும் பிளவாகவோ நிற்பதன் காரணம் பெரும்பாலும் இந்த விலகல்தான்.

மீதிப் பாதியைக் கட்டுரை சொல்லவில்லை. 12 பவுண்டுப் பந்தை மணிக்கு 17 மைல் வேகத்தில் அனுப்ப முடிந்தவர், 15 பவுண்டை எடுத்ததும் 14 மைலுக்கு இறங்கிவிட்டார் என்று வையுங்கள். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் முன்னது 204, பின்னது 210. லாபம் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் இன்னும் மோசம், அது ஏறத்தாழ 15 சதவீதம் குறைந்தேவிட்டது. இதற்கிடையில் தோள் சாய்ந்து, முழங்கை மடங்கி, குறி போயிருக்கும். தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பெரும்பாலோர் இன்று 16ஐ விட்டு 15 பவுண்டுக்கு வந்துவிட்டார்கள்.

உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு தொடக்கப் புள்ளியாக மட்டும் பயன்படும். 70 கிலோ உள்ளவருக்கு அது 15 பவுண்டு என்று சொல்லும். ஆனால் 70 கிலோவில் எவ்வளவு தோள்பலம் என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது. நாங்கள் சொல்லும் சோதனை இது. நின்ற இடத்திலேயே பந்தைத் தொங்கவிட்டு முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். பின்னே போகும்போது முழங்கை மடங்கினாலோ, பந்துக்கை இருக்கும் தோள் தரையை நோக்கி இழுபட்டாலோ ஒரு பவுண்டு குறையுங்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து ஆடி, திரையில் காட்டும் வேகத்தைப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஒரு மைலுக்கு மேல் குறைந்திருந்தால் அதுவும் அதே செய்திதான். சரியாகப் பொருந்தித் துளையிட்ட பந்து, அரங்குப் பந்தைவிட ஓரிரு பவுண்டு கூடுதலாக இருந்தாலும் கைக்கு இலேசாகத் தெரியும். பெரியவர்களில் ஆண்களுக்கு 14 அல்லது 15, பெண்களுக்கு 10 முதல் 14 வரை என்று பெரும்பாலும் அமையும். சிறுவர்களுக்கு வயது எத்தனையோ அத்தனை பவுண்டு என்பது பத்து வயது வரை ஓரளவு சரி. வளரும் கைக்கு ஸ்பான் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் துளையை அடைத்து மறுபடி போடும் வேலைக்கும் தயாராக இருங்கள்.

சாம்பியன் மாடல் விவகாரத்துக்கு வருவோம். பந்தின் மேலுறை எதனால் ஆனது என்பதே உருளும்போது அதன் போக்கு எவ்வளவு வளையும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக் எனப்படும் பாலியெஸ்டர் மேலுறை, பந்து ஓடும் பாதையான லேனில் பிடிமானம் கொள்ளாது, நேராகப் போகும். யூரித்தேன் 1980களில் வந்தது; சீராக, மெல்ல வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் மேலுறையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. லேனில் உள்ள எண்ணெயை உறிஞ்சும், உலர்ந்த இடத்தைத் தொட்டதும் கவ்வி வளையும்.

லேனில் எண்ணெயா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் ஏறத்தாழ முதல் 40 அடிக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கும். நடுவில் அதிகம், ஓரங்களில் குறைவு. கடைசி 20 அடி உலர்ந்திருக்கும். பந்து எண்ணெயில் வழுக்கி, உலர்ந்த இடத்தில் வளைந்து, பிறகு உருண்டு பின்களைச் சேர வேண்டும். பாக்கெட்டுக்குள் 4 முதல் 6 டிகிரி கோணத்தில் நுழையும் பந்து ஸ்ட்ரைக்குக்குச் சாதகமானது. நேராக வீசும் பந்தால் அந்தக் கோணத்தை எட்ட முடியாது. வளைந்து போகும் ஹூக் பந்தின் மேல் எல்லோருக்கும் ஆசை வருவது இதனால்தான். அதில் தவறில்லை.

தவறு எங்கே என்றால், பெரிய போட்டிகளுக்கான சொரசொரப்பான மேலுறையும் சமச்சீரற்ற உள்மையமும் (உள்ளே இருக்கும் எடைக்கட்டியும்) கொண்ட பந்துகள் நிமிடத்துக்கு 350, 400 சுற்றுக்கு மேல் சுழற்றி, வேகமாக வீசுபவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. புதியவரின் வேகம் குறைவு. அந்த மெதுவான பந்து எண்ணெயிலேயே கவ்வத் தொடங்கி, பாதி வழியில் வளைந்து, பின்களை அடையும்போது சக்தி தீர்ந்து வெறுமனே உருண்டுகொண்டிருக்கும். வலக்கைக்காரருக்குப் பந்து முதல் பின்னின் இடப்பக்கம் போய் விழும். அல்லது பாக்கெட்டில் பட்டும் 10ஆம் பின் அசையாமல் நிற்கும். கையைத் திருப்பாமல் நேராக விடுபவர் கையில் அதே பந்து ஏறக்குறைய நேராகவே போகும். இரண்டு வகையிலும் விலைக்கு ஏற்ற பலன் இல்லை.

எங்கள் யோசனை: முதல் பந்து பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ஆனால் உங்கள் கைக்கு அளவெடுத்துத் துளையிட்டதாக இருக்கட்டும். இது வீணாகும் முதலீடு அல்ல. பிற்காலத்தில் ஹூக் பந்து வாங்கிய பிறகும் மூலையில் நிற்கும் ஒற்றைப் பின்னை எடுக்க இந்தப் பந்துதான் வேண்டும். வலக்கைக்காரருக்கு 10ஆம் பின், இடக்கைக்காரருக்கு 7ஆம் பின்; இந்த ஒற்றைப் பின்களைத் தவறவிட்டே பெரும்பாலான புதியவர்கள் மதிப்பெண்ணை இழக்கிறார்கள். வளையும் பந்தை அந்த மூலைக்கு அனுப்பினால் எண்ணெய் எங்கே காய்ந்திருக்கிறது என்ற சூதாட்டத்தில் இறங்க வேண்டிவரும். பிளாஸ்டிக் அதைப் பற்றிக் கவலைப்படாமல் குறுக்காக நேரே போகும்.

இரண்டாவது பந்து ரியாக்டிவ். லேனில் குறி பார்க்க வரைந்திருக்கும் அம்புகளில் ஒரே அம்பைத் தொடர்ந்து பத்தில் ஆறேழு முறையாவது பந்து கடக்கும் நிலைக்கு வந்த பிறகு வாங்குங்கள். சமச்சீர் உள்மையம் கொண்ட, தொடக்க நிலை வரிசைப் பந்து போதும். விவரக் குறிப்பில் ஆர்ஜி, டிஃபரென்ஷியல் என்று இரண்டு எண்கள் இருக்கும். ஆர்ஜி என்பது பந்தின் எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பதன் அளவு; அது குறைவாக இருந்தால் பந்து சீக்கிரம் சுழலத் தொடங்கும். விதி அனுமதிக்கும் எல்லை 2.46 அங்குலத்திலிருந்து 2.80 வரை. டிஃபரென்ஷியல் என்பது வெவ்வேறு அச்சுகளில் ஆர்ஜிக்கு உள்ள வேறுபாடு; அது கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் மேலுறையின் புதிய பகுதி லேனைத் தொடும், வளைவும் கூடும், உச்சம் 0.060. முதல் ரியாக்டிவுக்கு 0.040க்குக் கீழே இருப்பதைப் பாருங்கள். 2000, 4000 என்று எழுதியிருப்பது மேற்பரப்பின் நயம். எண் சிறிதாக இருந்தால் சொரசொரப்பு அதிகம், வளைவு சீக்கிரம். பந்து சீக்கிரம் வளைகிறது என்று புதிது வாங்கப் புறப்படும் முன், இருக்கிற பந்துக்கு மெருகேற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அதோடு பிரச்சினை தீரும்.

ரியாக்டிவ் பந்தை ஒருமுறை வீசி, அது திரும்பி வந்ததும் கையில் எடுத்துப் பாருங்கள். எண்ணெய் வளையங்கள் கோடு கோடாகத் தெரியும். பந்து எந்தப் பாதையில் உருண்டது என்பதற்கு அதுவே சாட்சி. வளையம் கட்டைவிரல் துளையையோ விரல் துளையையோ கடந்தால், லேனில் போகும்போது டக் டக்கென்று சத்தம் கேட்கும், வளைவும் சீராக இருக்காது. கையை அதிகமாகச் சுற்றித் திருப்புவதாலும் இது நேரும், துளைகளின் இடம் பொருந்தாததாலும் நேரும். வளையம் உள்ள பந்தைத் துடைக்காமல் துளையிட்டவரிடம் காட்டுங்கள், அவர் பார்த்தே சொல்லிவிடுவார்.

பராமரிப்பு பிளாஸ்டிக்குக்குத் துடைப்பதோடு சரி. ரியாக்டிவை ஒவ்வொரு வீச்சுக்கும் முன் மைக்ரோஃபைபர் துண்டால் துடைக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும், பந்து சூடாக இருக்கும்போதே அதற்கான திரவம் போட்டுத் துடைத்தால் எண்ணெய் உள்ளே இறங்காது. ஐம்பது அறுபது ஆட்டத்துக்கு ஒருமுறை உறிஞ்சிய எண்ணெயை வெளியே எடுக்கக் கொடுங்கள். அசிட்டோன் வேண்டாம், மேலுறை இளகும். காரின் பின்பெட்டியில் பந்தை விட்டுவைக்கும் பழக்கம்தான் அதிகப் பந்துகளை விரிசல் விழ வைக்கிறது; வெயிலிலும் குளிரிலும் மேலுறையும் உள்மையமும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை.

காலணியைக் கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. எங்களைக் கேட்டால் பந்துக்கு முன்பே வாங்க வேண்டியது காலணி. வலக்கைக்காரர் கடைசி அடியில் இடக்காலால் வழுக்கி நிற்க வேண்டும். வலக்கால் தள்ளிக் கொடுக்க வேண்டும். வாடகைக் காலணியில் இரண்டு அடிப்பாகமும் வழுக்கும், தள்ளுகிற கால் நிலைகொள்ளாது. சொந்தக் காலணியில் இடக்காலுக்கு வழுக்கும் தோல், வலக்காலுக்கு ரப்பர். அடிப்பாகத்தைக் கழற்றி மாற்றும் வகையில் எண்கள் இருக்கும். எண் கூடினால் வழுக்கல் கூடும். நடுத்தர எண்ணில் தொடங்குங்கள். ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் வழுக்கும் தோல் தரையில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னே போகும், கால் நின்றுவிடும். முழங்கால் அடிபடுவது இப்படித்தான். கழிவறைக்கோ உணவு மேசைக்கோ போகும்போது மேலே உறை மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது கழற்றிவிட்டுப் போங்கள். கைக்குப் போடும் பவுடரை, நடந்து வந்து வீசும் தரையான அப்ரோச்சில் கொட்டுவது மற்றவர்களின் காலுக்கும் ஆபத்து.

பழைய பந்து வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வேறொருவர் கைக்குப் போட்ட துளை உங்களுக்குப் பொருந்தாது. அடைத்து மறுபடி போட வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். துளைகளைச் சுற்றி, குறிப்பாக இரண்டு விரல் துளைகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய பாலத்தில், மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். விரல் போடாத நான்காவது துளை ஒன்று இருந்தால் அது பந்தின் எடைச் சமநிலையை மாற்றப் போட்ட சமநிலைத் துளை. அமெரிக்காவில் இந்த ஆட்டத்தின் விதிகளை வகுக்கும் யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் அதைத் தடை செய்துவிட்டது. அதன் சான்று பெற்ற போட்டியில் ஆடும் எண்ணம் இருந்தால் அடைத்தே ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் தொழில்முறை ஆட்டக்காரர் ஜேசன் பெல்மான்ட்டேயைப் பார்த்து இரண்டு கைகளால் வீசப் பழகும் இளைஞர்களுக்கும் இந்த விதி பொருந்தும். கட்டைவிரல் துளை உள்ள பந்தை, கட்டைவிரல் போடாமல் வீசினால், பயன்படாத அந்தத் துளையும் சமநிலைத் துளையாகவே கருதப்படும். அரங்கில் பொழுதுபோக்காக ஆடும்போது யாரும் கேட்கமாட்டார்கள், போட்டியில் கேட்பார்கள். எந்த முறையில் வீசுவது என்று இன்னும் முடிவு செய்யாதவர் முதலில் விரல் துளைகள் இரண்டை மட்டும் போட்டுக்கொண்டால், கட்டைவிரல் துளையைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பந்துத் துளையிடுபவர்களும் பயிற்சியாளர்களுமான வாசகர்கள் சிலர்